‘ஊரே சொல்லுது’: மக்கள் கருத்தைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் டீக்கடைகளில் காலை ஏழு மணிக்குள் தமிழ்நாட்டு அரசியல் மொத்தமும் தீர்ந்துவிடும். “இன்னாபா, ஊரே அப்படித்தான் சொல்லுது” என்று ஒருவர் சொன்னால் போதும், அதற்கு மேல் ஆதாரம் கேட்பது மரியாதைக் குறைவு. டீக்கடையில் இது பரவாயில்லை. இதே கணக்கு செய்தியிலும் கட்சி ஆபீஸிலும் அரசாங்க அறிக்கையிலும் ஏறும்போதுதான் வம்பு. மக்கள் என்ன நினைக்கிறார்கள், அதில் எது அரசின் கொள்கையாக மாறுகிறது, எது மாறாமலே போகிறது என்பதைப் பேசும்போது நாம் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

தேர்தல் முடிவை எல்லாவற்றுக்கும் பதிலாக எடுத்துக்கொள்வது

இதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. வேலூரை விட நல்ல உதாரணம் கிடைப்பதும் கஷ்டம்.

2019 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க நாடாளுமன்றத் தேர்தல் நடந்தபோது வேலூரில் மட்டும் நடக்கவில்லை. காட்பாடி பக்கம் கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டதால், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தேர்தல் ரத்தானது. பிறகு ஆகஸ்ட் 5-ல் நடந்தது. தி.மு.க.வின் கதிர் ஆனந்த், இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற ஏ.சி.சண்முகத்தை 8,141 ஓட்டில் தோற்கடித்தார். மற்ற 38 தொகுதிகளில் 37-ஐ அதே தி.மு.க. கூட்டணி அள்ளியிருந்த வருடம் அது. அப்படியானால் நாலே மாதத்தில் காற்று திரும்பிவிட்டது என்று சொல்லத் தோன்றும். வாக்குப்பதிவு நடந்த அதே நாளில்தான் காஷ்மீருக்கான 370-வது பிரிவை நீக்கும் அறிவிப்பு நாடாளுமன்றத்தில் வந்தது. அதையும் இதையும் முடிச்சுப் போடத் தோன்றும். ஆனால் அறிவிப்பு வந்தது முற்பகல் 11 மணி வாக்கில். காலையிலேயே வரிசையில் நின்று விரலில் மை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர் எதைப் பற்றித் தீர்ப்புச் சொன்னார்?

2024-ல் அதே இரண்டு பேர்தான் முதல் இரண்டு இடங்களில். இந்த முறை வித்தியாசம் 2 லட்சத்தைத் தாண்டியது. ஐந்து வருடத்தில் வேலூர்க்காரர்களின் மனசு இருபத்தாறு மடங்கு மாறிவிட்டதா என்ன? சண்முகம் இந்த முறை தாமரையில் நின்றார், அ.தி.மு.க. தனியாக ஒரு வேட்பாளரை நிறுத்தியது. முன்பு ஒரு பக்கம் விழுந்த ஓட்டு இரண்டாகப் பிரிந்தது. இரண்டாம், மூன்றாம் இடத்து ஓட்டுகளைக் கூட்டினாலும் தி.மு.க.தான் முன்னால் நிற்கும். ஆனால் வித்தியாசம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதாவது, கொஞ்சம் மனமாற்றம், நிறையக் கூட்டணிக் கணக்கு. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ‘மக்கள் தீர்ப்பு’ என்று தலைப்புப் போட்டால் அது பாதிப் பொய்.

மாநில அளவிலும் இப்படித்தான். 2014-ல் சுமார் 44 சதவீத ஓட்டு வாங்கிய அ.தி.மு.க.வுக்கு 39-ல் 37 இடம், சுமார் 23 சதவீதம் வாங்கிய தி.மு.க.வுக்கு ஒன்றுகூட இல்லை. இடங்களை மட்டும் பார்ப்பவர், நாலில் ஒரு பங்கு மக்கள் ஊரை விட்டே போய்விட்டார்கள் என்றல்லவா நினைப்பார்.

கண்ணில் பட்டவரை ‘மக்கள்’ ஆக்குவது

புதிய பேருந்து நிலையம் பக்கத்தில் மைக்கை நீட்டி ‘மக்கள் கருத்து’ எடுக்கும் வீடியோக்கள் தேர்தல் நேரத்தில் நிறைய வரும். ஒரு வேலை நாளின் 11 மணிக்கு அங்கே யார் இருப்பார்கள்? சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்காக வந்த வங்காளத்துக்காரர்கள், சித்தூருக்கு பஸ் தேடுபவர்கள், கல்லூரிப் பசங்கள், ரிட்டயர்டு ஆன பெரியவர்கள். விடியற்காலையிலேயே கம்பெனி பஸ் ஏறிவிட்ட ஆம்பூர் ஷூ கம்பெனிப் பெண்களும், குடியாத்தத்தில் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருப்பவர்களும் அந்த கேமராவில் விழ மாட்டார்கள். எத்தனை பேரைக் கேட்டோம் என்பதை விட, யாரைக் கேட்க முடியாமல் போனது என்பதுதான் முக்கியம். முறையாகக் குலுக்கல் போல் பொறுக்கி எடுத்த 1,000 பேரைக் கேட்டால் பிழை 3 சதவீதம் அளவில் நிற்கும். தானாக வந்து அமுக்கிய லட்சம் வாட்ஸ்அப் ஓட்டுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

கேள்வியைக் கவனிக்காமல் பதிலை மட்டும் நம்புவது

“டேனரியை (தோல் பதனிடும் ஆலையை) மூட வேண்டுமா?” என்று ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ கேட்டுப் பாருங்கள். “டேனரிக் கழிவைச் சுத்தம் பண்ணாமல் பாலாற்றில் விடலாமா?” என்று அதே தெருவில் கேட்டுப் பாருங்கள். விவகாரம் ஒன்றுதான், பதில் தலைகீழாக வரும். இரண்டு பதிலும் உண்மை.

ஒரே வீட்டுக்குள்ளேயே இது நடக்கும். அப்பாவின் நிலத்தில் வெள்ளையாக உப்புப் பூத்து நெல் போய்விட்டது, கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. மகள் சம்பளம் வாங்குவதோ அந்தத் தோலில் செருப்பு தைக்கும் கம்பெனியில். அந்த வீட்டின் கருத்து என்ன? ‘ஆதரவு’, ‘எதிர்ப்பு’ என்ற இரண்டு கட்டங்களில் எதில் டிக் அடிப்பது?

இன்னொன்று: இந்தக் கொள்கை ஓட்டுப் பெட்டியிலிருந்து வரவில்லை. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ பாழாகிவிட்டது என்ற ஆய்வு அங்கே எடுத்து வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்றே சொன்னது. டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விழுந்தது. இன்று நாடு முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் மேற்கோள் காட்டப்படுவது நம்ம ஊர் வழக்கு. பெரும்பான்மை என்ன நினைத்தது என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. சிலர் விடாமல் நின்றார்கள், அவ்வளவுதான். ஆனால் கோர்ட் சொன்னதோடு வேலை முடிந்ததா என்றால், 2025 ஜனவரியில் இதே பாலாற்று மாசுக்காக இழப்பீடு, கண்காணிப்புக் குழு என்று உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. உத்தரவை அமல்படுத்துகிற இடத்தில் ஓட்டும் வேலைவாய்ப்பும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கின்றன என்பது என் கணிப்பு.

எல்லோரும் ஒத்துக்கொண்டால் நடந்துவிடும் என்று நம்புவது

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடே தெருவில் இறங்கியது. சில நாட்களில் அவசரச் சட்டம், உடனே சட்டமன்றத்தில் மசோதா. நம்ம பக்கம் கிராமங்களில் எருது விடும் விழாவுக்கும் அதனால்தான் வழி பிறந்தது. அதைப் பார்த்து ‘மக்கள் ஒன்று சேர்ந்தால் அரசு பணியும்’ என்று பொதுவிதி எழுதிவிட்டோம். சரி, பாலாற்றில் தண்ணீர் வர வேண்டும் என்பதில் வேலூரில் யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா? ஆற்று நீர் பற்றி அன்றைய மதராஸும் மைசூரும் போட்ட 1892 ஒப்பந்தம் இருக்கிறது, குப்பம் பக்கம் ஆந்திரா கட்ட நினைத்த அணைக்கு எதிராகத் தமிழ்நாடு 2006-ல் உச்ச நீதிமன்றம் போனது. ஆனாலும் வருடத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். ஜல்லிக்கட்டில் சாவி சென்னையிலும் டெல்லியிலும் இருந்தது, எந்தக் கட்சிக்கும் எதிர்க்க வேண்டிய அவசியமில்லை. பாலாற்றில் சாவி, நம் ஓட்டு தேவைப்படாத இன்னொரு மாநிலத்தில் இருக்கிறது.

கருத்துதான் கொள்கையை உண்டாக்கும் என்று ஒருவழியாக நினைப்பது

எதிர்த்திசையிலும் நடக்கும். 2021-ல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தபோது கிண்டல் நிறைய இருந்தது. இப்போது அதை நிறுத்துவோம் என்று சொல்ல எந்தப் பெரிய கட்சிக்கும் தைரியம் இல்லை. திட்டம் வந்த பிறகு அதற்கான கருத்து உருவானது. மாவட்டப் பிரிப்பும் அப்படித்தான். வேலூர் வாக்குப்பதிவு முடிந்த பத்தாவது நாள், 2019 சுதந்திர தினத்தன்று, மூன்றாகப் பிரிப்பதாக அறிவிப்பு வந்தது. நவம்பரில் திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் தனி மாவட்டங்களாகின. ஒரு கையெழுத்துக்காக எண்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்த திருப்பத்தூர்க்காரர் இனி பழைய ஏற்பாட்டுக்குச் சம்மதிப்பாரா?

அதே சமயம் ஆழமான மனப்போக்கு அரசாணைக்கெல்லாம் அசையாது. வட ஆற்காடு மாவட்டம் 1989-லேயே பிரிந்துவிட்டது. இன்றும் பெரியவர்கள் “நாங்க வடாற்காடு” என்றுதான் சொல்வார்கள். ஒரு திட்டத்தைப் பற்றிய கருத்து மூன்று மாதத்தில் மாறலாம், கட்சிப் பற்றும் ஊர்ப் பற்றும் சாதி உணர்வும் அப்படி மாறுவதில்லை. ஒரு வாரக் கோபத்தைப் பார்த்துவிட்டு ‘அடித்தளமே சரிந்தது’ என்று எழுதுபவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விடுவது

திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் குவியும் மனுக்களை மக்கள் கருத்து என்று எண்ணக் கூடாது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வர முடிந்தவர்களின் தேவை அது. கிராம சபைத் தீர்மானம் வேறு வகை. அதற்குக் குறைந்தபட்ச வருகை உண்டு, அது பதிவேட்டில் ஏறும், பிறகு கோர்ட்டுக்குப் போனாலும் கையில் ஒரு ஆவணமாக நிற்கும்.

தொழிற்சாலைக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் இன்னும் வேறு. அங்கே ஓட்டெடுப்பு கிடையாது, இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. கூட்டமாகக் கோஷம் போட்டுவிட்டு வெளியேறினால் பதிவில் எதுவும் நிற்காமல் போகலாம். எழுதிக் கொடுத்தது நிற்கும். கூட்டம் முடியும்போது, பதிவானதைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதற்குள் பாதிப் பேர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்கள். இருந்து கேட்டால், விட்டுப்போன விஷயத்தை அங்கேயே சேர்க்கச் சொல்லலாம்.