உலகமயமாக்கல் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி மாணவர்களுக்கு விவாதப் பயிற்சி கொடுத்து வருகிறேன். போன வாரம் முதலாண்டு மாணவி ஒருவர், ‘உலகமயமாதல் என்னும் சூறாவளி நம் நெசவையும் உழவையும் அடித்துக்கொண்டு போய்விட்டது’ என்று தொடங்கினார். எனக்குத் திக்கென்றது. 2005-இல் நான் மேடையில் வீசவிட்ட அதே சூறாவளி. குரல், நேரம், மேடைப் பயம் பற்றியெல்லாம் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

செய்தவரைச் சொல்லாமல் விடுவது

‘ஆதல்’ தன்வினை, தானாக நடப்பது. ‘ஆக்கல்’ பிறவினை, யாரோ செய்வது. மேடையில் இரண்டையும் ஒன்றுபோலவே புழங்குகிறோம். சூறாவளி என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரிடமும் கணக்குக் கேட்க முடியாது.

அன்று, 2005 மார்ச்சில், பின்னலாடைத் தொழில் பற்றி உருக்கமாகப் பேசி முடித்தேன். நல்ல கைதட்டல். கேள்வி நேரத்தில், மகளின் பேச்சைக் கேட்க வந்திருந்த திருப்பூர் கட்டிங் மாஸ்டர் ஒருவர் எழுந்தார். “தம்பி, ஜனவரியில கோட்டாவை எடுத்துட்டாங்களே, எடுத்தது யாரு? எதுக்கு எடுத்தாங்க?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதில் கிடைக்காத ரகசியம் ஒன்றும் இல்லை அது. வளரும் நாடுகளிலிருந்து எவ்வளவு துணி வாங்குவது என்பதற்கு அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் 1974 முதல் பல்லிழை ஒப்பந்தத்தின்படி வரம்பு வைத்திருந்தன. அதுதான் கோட்டா. உலக வர்த்தக அமைப்பை உருவாக்க 1994 ஏப்ரலில் மொரோக்கோவின் மாராகெஷ் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை, அதைப் பத்தாண்டுகளில் படிப்படியாக நீக்கச் சொன்னது. 2005 ஜனவரி 1-இல் கோட்டா போனது. ஆனால் அது சும்மா கிடைக்கவில்லை. அதே உடன்படிக்கைத் தொகுப்பில் அறிவுசார் சொத்துரிமை விதிகளும் இருந்தன. அவற்றின்படி மருந்துகளுக்குப் பொருள் காப்புரிமை, அதாவது எந்தச் செய்முறையிலும் அந்த மருந்தை வேறு யாரும் தயாரிக்க முடியாதபடி தரும் தனியுரிமை, இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததும் அதே 2005 ஜனவரி 1-இல்தான். துணிக் கதவு திறந்த நாளில் மருந்துக் கதவு பாதி சாத்தப்பட்டது. கையெழுத்துப் போட்டவர்களில் நம் அரசும் ஒன்று.

இன்னும் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. நான் சூறாவளி என்று பேசிக்கொண்டிருந்த அதே மார்ச்சில்தான், டில்லியில் நாடாளுமன்றத்தில் அந்த விதிகளுக்காகக் கொண்டுவந்த காப்புரிமைச் சட்டத் திருத்தத்தை வரிவரியாக வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். தெரிந்த மருந்தின் வடிவத்தை மாற்றினால் மட்டும் போதாது, அதன் பலன் கூடியிருக்க வேண்டும் என்று 3(டி) பிரிவு இறுகியது அந்த வாதத்தில்தான். 2013-இல் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்தான கிளிவெக்குக்குக் காப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, முக்கியமாக நின்றது அந்தப் பிரிவு. பேச்சால் ஒரு சட்டத்தின் வாசகத்தை மாற்ற முடிந்த நாட்களில், மாற்றவே முடியாத இயற்கைச் சீற்றம் என்று நான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த மாணவியிடம் உரையைத் திருப்பிக் கொடுத்து, யார் செய்தார்கள் என்று சொல்லாத வாக்கியங்களுக்கு அடிக்கோடு போடச் சொன்னேன். முதல் பக்கத்திலேயே பதினொன்று இருந்தன.

‘இந்தியாவுக்கு லாபம்’ என்பது

இந்தியாவில் யாருக்கு? நூல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துங்கள் என்பார் திருப்பூர் பின்னலாடைக்காரர். கூடாது என்பார் கோவை நூற்பாலைக்காரர். இடையில் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்தான் இருக்கும்.

ஆண்டு சொல்லாத புள்ளிவிவரம்

வேண்டாம்.

எதிரணியை ‘கைக்கூலி’ என்பது

அந்த வார்த்தையோடு விவாதம் முடிந்துபோகிறது.

கேள்வி நேரத்தை வெட்டுவது

விழா நீண்டுவிட்டால் அமைப்பாளர்கள் முதலில் கைவைப்பது இதில்தான். தயவுசெய்து வரவேற்புரையைக் குறையுங்கள், பொன்னாடைகளைக் குறையுங்கள். அன்று அந்த கட்டிங் மாஸ்டர் கைக்கு மைக் போகாமல் இருந்திருந்தால், நான் இன்றைக்கும் மாணவர்களுக்குச் சூறாவளியைத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேன்.