ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்: காதை நம்பினால் எங்கே தவறும்?

நாகர்கோவில் வடசேரியில் நிற்கும் பேருந்தின் ஆங்கிலப் பெயர்ப்பலகையைப் பாருங்கள். 'கோவில்' என்று நாம் சொல்லும் பகுதி அங்கே சி, ஓ, ஐ, எல் என்று நான்கே எழுத்து. ஊர் பேர் தெரியாதவர் அதைக் 'காயில்' என்றுதான் வாசிப்பார். ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள இந்த இடைவெளிதான் வேர்டில் என்ற இணையச் சொல் ஆட்டத்தில் நம்மவர்களை அதிகம் இடறவைக்கிறது.

ஜோஷ் வார்டில் உருவாக்கிய இந்த ஆட்டம் 2021 அக்டோபரில் பொதுவுக்கு வந்தது. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. ஐந்தெழுத்துச் சொல் ஒன்றை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் நாம் போட்ட எழுத்துகள் நிறம் மாறும்: பச்சை என்றால் எழுத்தும் இடமும் சரி, மஞ்சள் என்றால் எழுத்து உண்டு, இடம் வேறு, சாம்பல் என்றால் எழுத்து இல்லை.

தமிழில் சொன்னபடி எழுதிப் பழகிய கை, ஆங்கிலத்திலும் சொல்லை ஒலியாகவே தேடுகிறது. 'நைஃப்' என்று நினைத்தால் முன்னால் நிற்கும் கே நினைவுக்கு வராது. 'ரிஸ்ட்' முன்னால் டபிள்யூ, 'கிளைம்' கடைசியில் பஸ்ஸில் வரும் பி, 'கோஸ்ட்' நடுவில் எச் என்று ஊமை எழுத்துகள் ஒளிந்திருக்கின்றன. எனவே முதலில் தாளில் ஐந்து கட்டம் போட்டு, தெரிந்த எழுத்தை அதனதன் இடத்தில் எழுதுங்கள். வாய்க்குள் சொல்லிப் பார்ப்பது அதற்குப் பிறகு.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. பஸ்ஸில் வரும் பி, பேனாவில் வரும் பி இரண்டையும் தமிழில் ஒரே எழுத்தால் எழுதுகிறோம். 'பவுண்ட்' என்று எழுதினால் எல்லை கட்டிய பவுண்டா, பிரிட்டன் பணமான பவுண்டா? ஆங்கிலத்தில் அவை இரண்டு விடைகள். பட்டியல் போடும்போது ஒன்றை எழுதியதும் மனம் மற்றதையும் எழுதியதாக எண்ணிக்கொள்ளும். 'பேட்ச்' என்பதும் அப்படியே: மாணவர் குழுவும் அதுதான், துணியில் போடும் ஒட்டும் அதுதான். களியக்காவிளை, குழித்துறைப் பக்கம் மலையாளம் எழுதப் படித்தவர்களுக்கு இந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து பழக்கம்; அவர்கள் ஒவ்வொரு பி-யையும் மலையாள எழுத்தில் மனத்துக்குள் எழுதிப் பார்த்தாலே போதும். மற்றவர்கள் ஏ முதல் இசட் வரை வரிசையாக முதல் கட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் எதுவும் விட்டுப்போகாது.

கடைசி நான்கு எழுத்தும் ஒன்றாக இருக்கும் குடும்பங்கள் தனி ஆபத்து. ஐ, ஜி, எச், டி என்று முடியும் பழகிய சொற்களே எட்டு: எய்ட், ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட். நான்கு பச்சை வந்த மகிழ்ச்சியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனால் ஆறு முயற்சியும் தீர்ந்துவிடும். அங்கே விடையைத் தேடாதீர்கள், முதலெழுத்தைத் தேடுங்கள். டி, ஈ, ஆர், எம், எஸ் கொண்ட 'டேர்ம்ஸ்' போடுங்கள். டி பச்சையானால் டைட். ஈ, ஆர், எம், எஸ் இவற்றில் எது மஞ்சளோ அதற்குரிய சொல்லே விடை. டி மட்டும் மஞ்சளாகி மற்றவை சாம்பலானால் மிச்சம் ஃபைட், லைட், நைட் மூன்றே. அடுத்து 'ஃபைனல்': எஃப் பச்சையானால் ஃபைட், என் மஞ்சளானால் நைட், எல் மஞ்சளானால் லைட். 'டேர்ம்ஸ்' போட்டதிலிருந்து எண்ணினால் எட்டுச் சொல்லும் மூன்றாவது முயற்சிக்குள் அடங்கிவிடும். கிடைத்த குறிப்பைக் கட்டாயம் பயன்படுத்தச் சொல்லும் கடின முறையில் இது செல்லாது. அங்கே இந்தக் குடும்பத்துக்குள் நுழையும் முன்பே முதலெழுத்துகளைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

முதல் சொல்லாக 'அடியூ' போடுவது பலருக்கும் பழக்கம். ஏ, ஐ, ஈ, யு என்று நான்கு உயிரெழுத்து கிடைக்கும், சரி. ஆனால் சொல்லுக்குச் சொல் வேறுபடுத்துவது மெய்யெழுத்துதான். ஆட்டத்தின் தொடக்க விடைப் பட்டியலில் அதிகம் வந்த பத்து: ஈ, ஏ, ஆர், ஓ, டீயில் வரும் டி, எல், ஐ, எஸ், என், சி. முதலில் 'ஸ்லேட்', அடுத்து சி, ஆர், ஓ, என், ஒய் கொண்ட 'குரோனி' போட்டால் இந்தப் பத்தில் ஒன்பது தேறிவிடும். ஐ மட்டும் பாக்கி.

எஸ் சேர்த்துப் பன்மையாக்கி ஐந்தெழுத்தாக்கிய சொல்லை விடையாக எதிர்பார்ப்பதும் வீண். சுமார் 2,300 சொல் கொண்ட அதே பட்டியலில் எஸ்ஸில் தொடங்குபவை 366, எஸ்ஸில் முடிபவை 36 மட்டும்.

சாம்பல் நிறத்தையும் அவசரப்பட்டு வாசிக்கக்கூடாது. விடை 'லைட்'டாக இருக்கும்போது 'லெவல்' போட்டால் முதல் எல் பச்சை, கடைசி எல் சாம்பல். எல் இல்லை என்பதல்ல, இரண்டாவது எல் இல்லை என்பதே பொருள்.

நம் பள்ளிகளில் படிப்பது பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டு, ஆட்டம் அமெரிக்காவினுடையது. 'கலர்', 'ஹியூமர்', 'லேபர்' எல்லாம் நமக்கு ஆறெழுத்து. யு-வை எடுத்துவிட்டால் ஐந்து. 'லிட்டர்', 'மீட்டர்', 'ஃபைபர்' இரு நாட்டிலும் ஐந்தெழுத்துதான், ஆனால் கடைசி ஈயும் ஆரும் இடம் மாறும். இந்த இரண்டும் மஞ்சளாக நின்றால் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

சொல் சேகரிக்க வேண்டுமானால் நம் தோட்டத்திலிருந்தே தொடங்கலாம். கொப்பரை ஆங்கிலத்தில் 'கோப்ரா' ஆனது, மாங்காய் 'மேங்கோ', கறி 'கரி', மலையாளத்து வெற்றிலையும் அடைக்காயும் போர்ச்சுகீசியர் வழியே 'பீட்டல்', 'அரேக்கா' ஆயின. ஐந்தும் ஐந்தெழுத்து. 'கரி'யில் ஆர் இரட்டை, 'பீட்டலில்' ஈ இரண்டு, 'அரேக்கா'வில் ஏ இரண்டு. 'கோப்ரா'வில் எதுவும் திரும்ப வராது. சி, ஓ, ஆர், ஏ நான்கும் மேலே சொன்ன பத்துக்குள் உள்ளவை.