வீட்டில் டார்ட் போர்டு பொருத்துவது எப்படி?

டார்ட் போர்டைச் சுவரில் மாட்டுவது சிறிய வேலைதான். ஆனால் அளவு பிசகினால் கை தவறான தூரத்துக்குப் பழகிவிடும். பிறகு முறையான அளவில் மாட்டிய பலகைக்கு முன்னால் நிற்கும்போது, எறிவதெல்லாம் மேலும் கீழுமாகப் போகும். பழகிய கையைத் திருத்துவது சுவரில் இன்னொரு துளை போடுவதைவிடக் கடினம். ஆகவே டிரில்லை எடுக்கும் முன் அளவுநாடாவை எடுங்கள்.

இடம்

பலகையின் முகப்பிலிருந்து எறிகோடு வரை, அதாவது எறிபவர் நிற்கும் கோடு வரை, 2.37 மீட்டர் தேவை. அதற்குப் பின்னால் ஆள் நிற்கவும் நகரவும் ஒரு மீட்டராவது வேண்டும். பக்கவாட்டில் ஒன்றரை மீட்டர் இருந்தால் முழங்கை எதிலும் இடிக்காது. கதவுக்கு அருகில் மட்டும் மாட்டவே வேண்டாம். எறிபவரின் கண் குறியில்தான் இருக்கும். கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவரும் குழந்தையை அவர் கவனிக்க மாட்டார். சன்னல், டிவி, கண்ணாடி அலமாரி ஆகியவையும் தள்ளியே இருக்கட்டும். கம்பியில் பட்டுத் தெறிக்கும் டார்ட் எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பலகை

எஃகு முனை கொண்ட டார்ட்டுக்குச் சிசல் என்ற தாவர நாரால் ஆன பலகையே ஏற்றது. இறுக்கி அடுக்கிய நார்களை முனை விலக்கிக்கொண்டு நுழைகிறது. உருவியதும் அந்த இடம் ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. எண் கட்டங்களைப் பிரிக்கும் கம்பி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது, தெறிப்பு குறையும். பலகையின் விட்டம் சுமார் 45 சென்டிமீட்டர். பிளாஸ்டிக் முனையுடன் ஆடும் மின்னணுப் பலகை என்றால் எறிகோடு வழக்கமாக 2.44 மீட்டரில் அமையும், உயரம் மாறாது.

உயரமும் மாட்டும் முறையும்

தரையிலிருந்து பலகையின் நடுப்புள்ளி வரை 1.73 மீட்டர். பழைய கணக்கில் 5 அடி 8 அங்குலம். எறிகோட்டருகே விரிப்பு போடப்போகிறீர்கள் என்றால் அதன் கனத்தையும் இதனுடன் கூட்டுங்கள். ஆடுபவர் நிற்கும் மட்டத்திலிருந்துதான் உயரத்தைக் கணக்கிட வேண்டும்.

சுவரில் குறியிட்டு, உடன் வரும் யு வடிவத் தகட்டை வைத்துப் பாருங்கள். பலகையின் பின்புற மையத்தில் முடுக்கும் திருகாணி அந்தத் தகட்டின் பள்ளத்தில் உட்காரும். அது உட்காரும் இடம்தான் 1.73 மீட்டரில் இருக்க வேண்டும், தகட்டின் மேல்விளிம்பு அல்ல. செங்கல் சுவரானால் துளையிட்டுப் பிளக் அடித்துத் திருகாணியை முடுக்குங்கள். பலகைத் தடுப்புச் சுவரானால் உள்ளே இருக்கும் சட்டத்தைத் தேடி அதில் முடுக்குங்கள். வெறும் தடுப்புப் பலகை இந்த எடையை நெடுநாள் தாங்காது.

மாட்டியபின் பலகையின் விளிம்பை விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் பின்புறம் மூன்று இடங்களில் ரப்பர் துண்டு ஒட்டி ஆட்டத்தை நிறுத்துங்கள். 20 என்ற எண் நேர் உச்சியில் இருக்க வேண்டும். அந்தப் பகுதியின் நிறம் கறுப்பு.

எறிகோடு

பெரும்பாலோர் சறுக்கும் இடம் இது. 2.37 மீட்டரைச் சுவரிலிருந்து அளந்துவிடுகிறார்கள். பலகையின் கனமும் பின்னால் உள்ள தகடும் சேர்ந்து சில சென்டிமீட்டரை விழுங்கிவிடும். பலகையின் முகத்தை ஒட்டி ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். நூல் ஆடி அடங்கியபின் குண்டின் முனை காட்டும் இடத்தில் தரையில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து 2.37 மீட்டர் அளந்து கோடு போடுங்கள். கால்விரல் தொடும் விளிம்பு வரைதான் இந்த அளவு.

இப்போது நடுப்புள்ளியிலிருந்து அதே விளிம்புக்கு அளவுநாடாவைச் சாய்வாகப் பிடியுங்கள். 2.93 மீட்டர் வந்தால் உயரமும் தூரமும் சரி. வராவிட்டால் இரண்டில் ஒன்று தவறியிருக்கிறது, அல்லது தரை சரிந்திருக்கிறது.

சுவரும் வெளிச்சமும்

பலகையைச் சுற்றி ஒரு ஃபோம் வளையம் மாட்டினால் குறி தவறிய டார்ட்டால் சுவர் பொத்தலாகாது. கீழே விரிப்பு போட்டால் தரையும் முனையும் தப்பும். ஒரே பக்கத்திலிருந்து வரும் விளக்கொளி, குத்தி நிற்கும் டார்ட்டின் நிழலை அடுத்த குறியின்மேல் சாய்த்துவிடும். பலகையைச் சுற்றி வரும் எல்ஈடி வளையம் கிடைத்தால் நல்லது.

பராமரிப்பு

சிசல் பலகையில் ஒரு சொட்டுத் தண்ணீரும் படக்கூடாது, நார் உப்பிவிடும். டார்ட்டை நேராக இழுக்காமல் மெல்லத் திருகியபடி உருவுங்கள். முனையில் பிசிறு இருந்தால் உருவும்போது நாரும் சேர்ந்து வரும். உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்குங்கள். எல்லோரும் 20-ஐயே குறிவைப்பதால் அந்தப் பகுதி முதலில் தேயும். எண் வளையத்தைக் கழற்றி, பலகையை இரண்டு கட்டம் திருப்பி, 20 மீண்டும் உச்சியில் வரும்படி மாட்டுங்கள். ஒரு கட்டம் மட்டும் திருப்பினால் நிறம் மாறிவிடும்.