பழைய கம்பெனியில் நிற்கும் பி.எஃப். பணம்: காத்திருக்கும் நாட்களில் செய்ய வேண்டியவை

வேலையை விட்டு மாதக்கணக்கில் ஆகியும் பி.எஃப். பணம் வரவில்லை என்றால், பி.எஃப். ஆபீஸ் இழுத்தடிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் கிளெய்ம், அதாவது பணம் கேட்கும் விண்ணப்பம், சிக்குவது அதற்கு முன்னாலேயே. பழைய கம்பெனி போடாமல் விட்ட ஒரு தேதி, ஆதாரோடு ஒட்டாத ஒரு இனிஷியல், மாறிப்போன ஒரு வங்கிக் கோடு. காத்திருக்கும் காலத்திலேயே இவற்றைச் சரிசெய்துவிட்டால் விண்ணப்பம் ஒரே தடவையில் போய்விடும்.

கடைசி வேலைநாளுக்கு முன்பே தொடங்குவது நல்லது. அதுவரைதான் எச்.ஆர். உங்கள் போனை எடுப்பார். ரிலீவிங் லெட்டர், பி.எஃப். பிடித்தம் தெரியும் எல்லா சம்பளச் சீட்டுகள், யு.ஏ.என். எனப்படும் உங்கள் 12 இலக்க பி.எஃப். அடையாள எண், அந்தக் கம்பெனியின் உறுப்பினர் எண் ஆகியவற்றை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். ஆபீஸ் மெயில் மறுநாளே மூடப்படும். ஆதாரில் இருக்கும் மொபைல் எண் இப்போதும் உங்கள் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓ.டி.பி. வராவிட்டால் பி.எஃப். உறுப்பினர் போர்ட்டலில் ஒன்றும் நகராது.

அடுத்து பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து மாதம் மாதமாகப் பாருங்கள். பிடித்தம் 15,000 ரூபாய் சம்பளத்தின் மீது என்றால் உங்கள் பங்கு 1,800. கம்பெனியின் 1,800-ல் 1,250 பென்ஷன் கணக்குக்கும் 550 பி.எஃப். கணக்குக்கும் போகும். ஒவ்வொரு மாதத் தொகையையும் கம்பெனி அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். சீட்டில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் அந்த மாதம் காலியாக இருந்தால், சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கம்பெனி கட்டவில்லை என்று பொருள். கோரிக்கை மெயில் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டிய விஷயமல்ல இது. சீட்டை இணைத்து நேரே பி.எஃப். ஆபீஸில் புகார் கொடுக்கலாம்.

வெளியேறிய தேதி

அதிகம் சிக்குவது இங்கேதான். போர்ட்டலில் 'வியூ' பகுதியில் 'சர்வீஸ் ஹிஸ்டரி' பாருங்கள். பழைய கம்பெனிக்கு எதிரே வெளியேறிய தேதி காலியாக இருந்தால் முழுத் தொகைக்கான படிவம் 19 உங்களுக்குத் திறக்காது. கம்பெனிக்கு இது சில நிமிட வேலை. 'நோ டியூ (பாக்கி இல்லை என்ற சான்று) வரவில்லை', 'நோட்டீஸ் காலம் முடிக்கவில்லை' என்று சொல்லி அதை நிறுத்தி வைப்பவர்கள் உண்டு. அந்தப் பணம் கம்பெனியுடையது அல்ல. உங்களுக்கும் அவர்களுக்கும் இருக்கும் கணக்குத் தகராறுக்காக அதைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமையும் இல்லை.

எச்.ஆரிடம் போனில் கெஞ்ச வேண்டாம், மெயில் அனுப்புங்கள். கோபம் வேண்டாம், விவரம் போதும்: 'ஐயா/அம்மா, என் கடைசி வேலைநாள் இன்ன தேதி. யு.ஏ.என். இது, உறுப்பினர் எண் இது. போர்ட்டலில் வெளியேறிய தேதி பதிவாகவில்லை. ஏழு வேலைநாட்களுக்குள் பதிவு செய்து தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். ரிலீவிங் லெட்டர் இணைத்துள்ளேன்.' பதில் இல்லை என்றால் அதே மெயிலின் கீழேயே நினைவூட்டுங்கள். தேதிவாரியாக ஒரே தொடராக இருக்கும் மெயில்தான் பிறகு புகாருக்குச் சாட்சி.

அப்படியும் நடக்கவில்லை என்றால் நீங்களே போடலாம். கடைசிப் பங்களிப்பு விழுந்த மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்ததும் 'மேனேஜ்' பகுதியில் 'மார்க் எக்ஸிட்' வேலை செய்யும். ஆதார் ஓ.டி.பி. போதும், கம்பெனியின் ஒப்புதல் தேவையில்லை. தேதி, கடைசிப் பங்களிப்பு மாதத்துக்குள் இருக்க வேண்டும். இங்கே அவசரப்படாதீர்கள். ஒருமுறை போட்ட தேதியை அதே இடத்தில் மாற்ற முடியாது. புதிய கம்பெனியில் சேர்ந்த தேதி பழையதிலிருந்து வெளியேறிய தேதிக்கு முன்னால் விழுந்துவிட்டால் இரண்டு வேலையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கணக்கு மாற்றத்தில் சிக்கல் வரலாம்.

பெயரும் இனிஷியலும்

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தொல்லை இது. ஆதாரில் 'முருகன் செ', பான் அட்டையில் 'செல்வராஜ் முருகன்', பி.எஃப்.பில் 'எஸ். முருகன்'. நமக்கு மூவரும் ஒருவர், கணினிக்கு மூன்று பேர். பெண்களுக்குத் தந்தை பெயர் இருந்த இடத்தில் கணவர் பெயர் ஏறியதும் இதே சிக்கலைத் தரும். ஆதாரை அடிப்படையாக வைத்து மற்ற இரண்டையும் அதற்கு ஒத்தபடி மாற்றுங்கள். பி.எஃப்.பில் திருத்துவதற்கு 'ஜாயின்ட் டிக்ளரேஷன்' என்று பெயர். 2017 அக்டோபர் 1 முதல் தரப்பட்ட, ஆதாரால் சரிபார்க்கப்பட்ட யு.ஏ.என். என்றால் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி போன்றவற்றை 2025 ஜனவரி முதல் நீங்களே திருத்தலாம். அதற்கு முந்தைய யு.ஏ.என். என்றால் கம்பெனி ஒப்புதல் வேண்டும். கம்பெனியே மூடிவிட்டதா? படிவத்தில் கெசட்டட் அதிகாரி அல்லது நோட்டரியிடம் சான்றொப்பம் வாங்கி, ஆவணங்களோடு பி.எஃப். ஆபீஸ் மக்கள் தொடர்பு கவுண்டரில் நேரில் கொடுங்கள்.

வங்கிக் கணக்கை மறந்துவிடாதீர்கள். லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடும், அலகாபாத் வங்கி அதே ஆண்டு ஏப்ரலில் இந்தியன் வங்கியோடும் இணைந்தன. பழைய ஐ.எஃப்.எஸ்.சி. கோடு பதிவில் இருந்தால் பணம் போய்த் திரும்பி வரும். செக் படம் ஏற்றுவதும், வங்கிக் கணக்குக்குக் கம்பெனி ஒப்புதல் வாங்குவதும் 2025 ஏப்ரலிலிருந்து தேவையில்லை.

விண்ணப்பிக்கும்போது

முழுத் தொகையை எடுக்கப் பழைய விதி, வேலையில்லாமல் இரண்டு மாதம். 2025 அக்டோபர் 13-ம் தேதி நடந்த பி.எஃப். நிர்வாகத்தின் மத்திய அறங்காவலர் குழுக் கூட்டம் இதை 12 மாதமாகவும், பென்ஷன் தொகைக்கு 36 மாதமாகவும் நீட்ட முடிவெடுத்தது. இடையில் இருப்பில் 75 சதவீதம் வரை எடுக்கலாம் என்பதும் அதே முடிவில் உண்டு. நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் போர்ட்டல் எந்தப் படிவத்தைத் திறக்கிறதோ அதுவே நடப்பு விதி.

படிவம் 19 பி.எஃப். தொகைக்கு மட்டும். பென்ஷன் தொகைக்குப் படிவம் 10சி தனியாகப் போட வேண்டும். இதைத் தவறவிட்டு, பாதிப் பணம்தான் வந்தது என்று கவலைப்படுபவர்கள் நிறைய. பத்தாண்டு சேவை இருந்தால் பென்ஷன் தொகையை மொத்தமாக எடுக்க முடியாது, அது மாதப் பென்ஷனாகத்தான் வரும். ஐந்தாண்டு முடியாமல் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால் பான் இருந்தாலும் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். வருமான வரி வரம்புக்குள் வராதவர்கள் அதற்கான உறுதிமொழிப் படிவத்தைக் கூடவே இணைக்க வேண்டும். புது வேலை கிடைத்துவிட்டவர்கள் எடுப்பதைவிடக் கணக்கை மாற்றிக்கொள்வதே மேல் என்பது எங்கள் கருத்து. பழைய சேவையும் ஐந்தாண்டுக் கணக்கில் சேரும், வட்டியும் ஓடும்.

எல்லாம் சரியாக உள்ள கிளெய்மை 20 நாளில் முடிக்க வேண்டும். குறை இருந்தால் அதையும் அந்த 20 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். பி.எஃப். திட்டத்தின் 72(7) பத்தி சொல்வது இது. நிராகரித்தால் காரணத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சரிசெய்யாமல் மறுபடி போட்டால் அதே காரணத்தோடு திரும்பும், நாள் கணக்கும் முதலிலிருந்து தொடங்கும்.

நாள் தாண்டினால் பி.எஃப். குறைதீர் தளத்தில் புகார் பதியுங்கள். சரியான ஆபீஸைத் தேர்வது முக்கியம். உங்கள் வேலை சென்னையில் இருந்திருக்கலாம், கம்பெனியின் பி.எஃப். கோடு பெங்களூரில் இருக்கலாம். உறுப்பினர் எண்ணின் முதல் ஐந்து எழுத்து அதைக் காட்டும்: சி.பி.சி.பி.இ. என்றால் கோவை, எம்.டி.எம்.டி.யு. என்றால் மதுரை. இலவச உதவி எண் 14470. ஒவ்வொரு மாதமும் 27-ம் தேதி, விடுமுறை என்றால் அடுத்த வேலைநாளில், மாவட்டந்தோறும் 'நிதி ஆப்கே நிகட்' என்ற பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கிறது. மெயில் தொடர், பாஸ்புக், ரிலீவிங் லெட்டர் மூன்றையும் அச்செடுத்து நேரில் போங்கள். அதற்கும் அசையாவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 'ஏன் தாமதம்?' என்று கேட்காதீர்கள், அதற்கு மழுப்பலான பதில்தான் வரும். கிளெய்ம் எந்தத் தேதியில் வந்தது, இப்போது எந்தப் பிரிவில் இருக்கிறது, குறை எந்தத் தேதியில் எழுத்தில் தெரிவிக்கப்பட்டது என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.