ரசிகர் பெட்டியைத் திறக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நட்சத்திரத்தின் மேல் பித்தாக அலைந்த வயது, போகும்போது ஒரு பெட்டியை விட்டுவிட்டுப் போகும். நெரிசலில் கிறுக்கி வாங்கிய ஆட்டோகிராஃப், பாதி கிழிந்த டிக்கெட், நோட்டில் ஒட்டிய பத்திரிகைப் படங்கள், மூன்று வரிக்கு முப்பது ஆச்சரியக்குறி போட்ட டைரி, ரேடியோவிலிருந்து பதிவு செய்த பேட்டி. அந்தப் பேட்டியின் நடுவே வீட்டில் யாரோ தும்மியிருப்பார்கள்.

பல வருடம் தூசியில் கிடந்தும் கெடாத பெட்டி, “இதையெல்லாம் பத்திரப்படுத்துவோம்” என்று ஒருவர் உட்காரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கெட்டுப்போகிறது. தண்ணீர் படக்கூடாது, கரையான் ஏறக்கூடாது என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அக்கறையால் வரும் கேடுகள்தான் இங்கே பேச்சு.

லேமினேஷன்

இதை எத்தனை முறை சொன்னாலும் மறுவாரம் இன்னொருவர் பளபளவென்று ஒரு அட்டையை நீட்டி, “இனிமே இதுக்கு ஒண்ணும் ஆகாது” என்பார். ஆக வேண்டியது எல்லாம் ஆகி முடிந்திருக்கும்.

லேமினேஷன் உறை என்பது வெறும் பிளாஸ்டிக் பை இல்லை. அதன் உள்பக்கம் முழுக்க, சூட்டில் உருகும் பசை பூசியிருக்கிறது. இயந்திரத்தின் உருளைகள் சுமார் 100 முதல் 130 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி, அழுத்திக்கொண்டே தாளை இழுக்கின்றன. உருகிய பசை தாளின் இழைகளுக்குள் இறங்கி ஆறுகிறது. அதன் பிறகு தாள் வேறு, உறை வேறு இல்லை. ஓரத்தை வெட்டினால் உள்ளே இருப்பதை உருவிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. உருவினால் கையெழுத்து ஒரு பக்கமும் தாள் இன்னொரு பக்கமுமாக வரும்.

மை என்ன ஆகும்? பால்பாயிண்ட் மையும் ஸ்கெட்ச் பேனா மையும் சாயம் கலந்தவை. சூட்டிலும் பசையிலும் சில அன்றே கசியும், சில ஓரிரு வருடம் கழித்து விளிம்பில் ஊதா நிழல் விடும். பேனா அழுந்திய தடம் தட்டையாகிவிடும். கையெழுத்து நிஜமா, அச்சா என்று பிற்பாடு சோதிக்க இருந்த நல்ல சாட்சி அந்தப் பள்ளம்தான், அதுவும் போயிற்று.

டிக்கெட்டாக இருந்தால் கதை இன்னும் சுருக்கம். அச்சடித்த பழைய டிக்கெட் பிழைக்கலாம். இயந்திரம் துப்பிய வழவழப்பான டிக்கெட் பெரும்பாலும் வெப்பத்தாள். அதில் மையே கிடையாது, சூடு பட்ட இடம் கறுக்கும்படி மேலே ஒரு பூச்சு இருக்கும். எழுத்து வந்ததே அப்படித்தான். அதை லேமினேஷன் உருளைக்குள் விட்டால் முழுத்தாளும் ஒரேயடியாகக் கறுத்து வெளியே வரும். தேதி, இருக்கை எண், நிகழ்ச்சியின் பெயர் எல்லாம் நடுநிசி. இயந்திரத்தின் மேல் பழி போட்டுப் பயனில்லை, அது தன் வேலையைத்தான் செய்தது.

உடனடி கேமராவில் எடுத்த படத்தை உள்ளே விடுவது அதைவிட மோசம். அந்தப் படத்தின் அடுக்குகளுக்கு இடையில் ரசாயனம் இன்னும் இருக்கிறது, சூடும் அழுத்தமும் சேர்ந்தால் நிறம் திரியும்.

இது படிக்காதவர் செய்யும் பிழை என்று எண்ண வேண்டாம். 1930களில் அமெரிக்காவில் வில்லியம் பாரோ என்பவர், பழைய ஆவணங்களை செல்லுலோஸ் அசிடேட் தாள்களுக்கு நடுவே வைத்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து மூடும் முறையைப் பரப்பினார். பெரிய பெரிய ஆவணக் காப்பகங்கள் பல பத்தாண்டுகள் அதை நம்பின. பின்னால் அதே உறைகளைக் கழற்ற, காப்பக நிபுணர்கள் ஆவணங்களை அசிட்டோனில் ஊறவைக்க வேண்டியிருந்தது. உங்கள் ஆட்டோகிராஃபுக்கு அந்த வழியும் இல்லை, அசிட்டோனில் பால்பாயிண்ட் மை கரைந்து ஓடிவிடும்.

சரி, என்னதான் செய்வது? சூடும் பசையும் தாளைத் தொடாமல் மூட வேண்டும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1970களில் பரவலாக்கிய முறை வீட்டிலும் முடியும். 75 அல்லது 100 மைக்ரான் பாலியெஸ்டர் தாள் இரண்டு. ஆட்டோகிராஃபைவிட எல்லாப் பக்கமும் 2 சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டுங்கள். நடுவில் ஆட்டோகிராஃப். அதன் விளிம்பிலிருந்து குறைந்தது 3 மில்லிமீட்டர் தள்ளி, நான்கு பக்கமும் இருபுறப் பசை நாடா. காப்பகங்களில் இதற்கு 3எம் 415 நாடாவைப் பயன்படுத்துவார்கள். மூலைகளில் நாடாக்கள் ஒன்றையொன்று தொடாமல் சிறு இடைவெளி விடுங்கள், காற்று போக வேண்டும். இந்த உறைக்குள் தாள் எதிலும் ஒட்டியிருக்காது. ஓரத்தை வெட்டினால் போட்டபடியே வெளியே வரும்.

அவ்வளவு பொறுமை இல்லையென்றால், பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீனில் ஆயத்தமாக வரும் உறையில் செருகுங்கள். பிவிசி உறை வேண்டவே வேண்டாம். புதுக் கார் வாசனை அடித்தால் பெரும்பாலும் அது பிவிசிதான். அதிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருள் மையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், கையெழுத்தின் கண்ணாடிப் பிம்பம் உறையில் பதிந்திருக்கும்.

இரண்டு விலக்குகள். அந்த வயதில் நீங்களே கரித்துண்டிலோ சாக்பீஸிலோ வரைந்த நட்சத்திரப் படத்தை பாலியெஸ்டருக்குள் வைக்காதீர்கள், அதன் மின்னேற்றம் பொடியை உறிஞ்சிவிடும். மூக்கு ஏற்கெனவே சரியாக வந்திருக்காது, இருப்பதும் போய்விடும். செய்தித்தாள் துணுக்கை வைப்பதானால் பின்னால் அமிலத்தை முறிக்கும் காரத்தன்மை கொண்ட தாள் ஒன்று சேர்த்து வையுங்கள். தனியாக மூடினால் அதன் அமிலம் உள்ளேயே சுற்றிச் சுற்றி அதைத் தின்னும்.

ஏற்கெனவே லேமினேஷன் செய்தாயிற்றா? இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர், நெயில் பாலிஷ் கரைப்பான் எதுவும் வேண்டாம். விட்டுவிடுங்கள். விளக்கை இரண்டு பக்கமும் 45 டிகிரியில் வைத்து, பளபளப்பு விழாமல் ஒரு படம் எடுத்து, அசலை இருட்டான இடத்தில் வையுங்கள்.

மங்கிய கையெழுத்தின் மேல் பேனாவால் வரைவது

வரைந்து முடித்த நொடியிலிருந்து அது உங்கள் கையெழுத்து.

அசலைச் சுவரில் மாட்டுவது

வெளிச்சம் வாங்கிய நிறம் திரும்பாது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி தாமதப்படுத்தும், தடுக்காது. வண்ண நகலை மாட்டுங்கள். எதிரே நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

ஒட்டும் ஆல்பமும் செல்லோடேப்பும்

பக்கத்தில் கோடு கோடாகப் பசை, மேலே ஒரு பிளாஸ்டிக் தாள் என்று வரும் ஆல்பத்தில் முதல் சில வருடம் எல்லாம் அழகாக இருக்கும். பிறகு பசைக் கோடுகள் பழுத்து, படத்தின் முகத்தில் குறுக்கே மஞ்சள் வரி விழும், அல்லது படம் இறுகிப்போய் அசையாது. இழுக்காதீர்கள். மெழுகு பூசாத பல் நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் இடையில் விட்டு, ரம்பம் அறுப்பது போல மெதுவாக நகர்த்துங்கள். வளைந்துகொண்டு வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, பக்கத்தோடு ஸ்கேன் எடுங்கள்.

செல்லோடேப் வேறு வகை. முதலில் பசை எண்ணெய் மாதிரி தாளுக்குள் இறங்கும், பிறகு பிளாஸ்டிக் தானாக உதிரும், பழுப்புப் பட்டை மட்டும் நிற்கும். கிழிந்த போஸ்டரை ஒட்டியே தீர வேண்டுமென்றால், பின்பக்கம் மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுச்சத்துப் பசையும். கிழிந்தபடியே தட்டையாக வைத்தாலும் போஸ்டர் கோபித்துக்கொள்ளாது.

படங்களை ஒட்டப் பசையே தேவையில்லை, படத்தின் மூலைகளைச் செருகிவைக்கும் சிறு முக்கோண உறைகள் போதும். ‘அமிலமற்றது’ என்று அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், ஐஎஸ்ஓ 18916 சோதனையில் தேறியதா என்று பாருங்கள். ஒளிப்படத்தின் அருகில் வைக்கத் தகுந்த பொருளா என்பதைச் சோதிக்கவே ஏற்பட்ட தரம் அது. படத்தையும் செய்தித்தாள் துணுக்கையும் முகத்தோடு முகம் வைக்காதீர்கள். துணுக்கின் அமிலம் படத்துக்கு இறங்கி, செவ்வகமாக ஒரு பழுப்பு நிழலை விடும்.

ரப்பர் பேண்ட், குண்டூசி, ஸ்டேப்ளர் பின்

உருகும். துருப்பிடிக்கும். இதுவும் துருப்பிடிக்கும்.

தபால் உறையை வீசுவது

நட்சத்திரத்திடமிருந்து வந்த பதிலை வைத்துக்கொண்டு உறையை எறிந்தவர்கள், அதைவிடக் கொடுமையாக அஞ்சல் தலைக்காக முத்திரையோடு சேர்த்து வெட்டியவர்கள் ஏராளம். கடிதம் எப்போது, எந்த ஊரிலிருந்து வந்தது என்பதற்கு முத்திரைதான் ஆதாரம். கடிதத்தில் பெரும்பாலும் தேதியே இருக்காது.

கையெழுத்து நிஜமா என்ற சந்தேகம் வந்தால் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அச்சு. டார்ச்சைத் தாளோடு தாளாகச் சாய்த்து அடித்தால் பால்பாயிண்ட் பள்ளம் தெரியும். இரண்டு ரசிகர்களிடம் இருக்கும் கையெழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் மயிரிழை பிசகாமல் பொருந்துகின்றனவா? அப்படியானால் போட்டது இயந்திரப் பேனா. மனிதக் கை ஒரே கையெழுத்தை இரண்டு முறை போடாது. செயலாளர் போட்டதென்று தெரியவந்தாலும் கிழிக்க வேண்டாம். தலையணைக்கடியில் வைத்துத் தூங்கிய காகிதம் அதுதானே.

வெட்கப்பட்டுக் கிழிப்பது

பெட்டியைச் சுத்தம் செய்பவர்கள் நட்சத்திரத்தின் படங்களை வைத்துக்கொண்டு தங்கள் கையெழுத்தில் இருப்பதை எறிகிறார்கள். இது தலைகீழ். அந்தப் படம் ஆயிரக்கணக்கில் அச்சாகியிருக்கும். நட்சத்திரத்தின் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதிப் பொருத்தம் பார்த்த பக்கம் உலகத்தில் ஒன்றுதான் உண்டு.

ஒவ்வொரு பொருளோடும் ஒரு சீட்டு வையுங்கள். தேதி, இடம், யார் கூட வந்தார்கள், எத்தனை மணி நேரம் நின்றது. முக்கியமாக, சொல்ல நினைத்தது என்ன, வாயிலிருந்து வந்தது என்ன. ஒரு வாரம் ஒத்திகை பார்த்தது ஒரு முழுப் பத்தியாக இருக்கும், நேரில் வந்தது “பேனா இருக்கா?” என்பதாக இருக்கும். பென்சிலில் எழுதுங்கள், 2பி சரியாக வரும். படத்தின் பின்னால் பால்பாயிண்டில் அழுத்தி எழுதினால் முன்பக்கம் முகத்தில் வீங்கும்.

கூட வந்தவரிடமும் கேளுங்கள், ஆனால் உங்கள் கதையைச் சொல்லும் முன்பு. சொல்லிவிட்டுக் கேட்டால் உங்கள் கதையே திரும்பி வரும். இரண்டும் பொருந்தாவிட்டால் இரண்டையும் எழுதி வையுங்கள், சமரசம் செய்யாதீர்கள்.

பேனா நண்பர்களின் கடிதங்களைப் பிறருக்குக் காட்டும் முன் முகவரியை மறைத்துவிடுங்கள்.

ஸ்கேன் எடுத்தாயிற்றே என்று அசலை எறிவது

எறியாதீர்கள். ஸ்கேனையும் ஒழுங்காக எடுங்கள்: கையெழுத்துக்கும் சிறு படங்களுக்கும் 600 டிபிஐ, பெரிய போஸ்டருக்கு 300 போதும். டிஃப் கோப்பாகச் சேமியுங்கள், ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். பத்திரிகைப் படத்தில் அலை அலையாகக் கோடு விழுந்தால், 600இல் எடுத்து அளவைக் குறையுங்கள். பின்பக்கத்தையும் எடுக்க மறக்காதீர்கள். பல துணுக்குகளில் சுவாரசியமே பின்பக்க விளம்பரம்தான்.

கேசட்டை எடுத்தவுடன் போட்டுக் கேட்பது

பல வருடம் சுற்றியபடியே இருந்த நாடாவின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். முதலில் மேல் விளிம்பிலிருக்கும் இரண்டு சிறு தடுப்புகளையும் உடைத்துவிடுங்கள், தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. பிறகு ஒருமுறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். பிளேயரின் தலையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். சி-120, அதாவது 120 நிமிட நாடாவின் தடிமன் 9 மைக்ரான்தான், 60 நிமிட சி-60இல் சுமார் பாதி. அதை வேகமாக ஓட்டவே வேண்டாம், சாதாரண வேகத்தில் முழுக்க ஓட விடுங்கள். சத்தம் அமுங்கிக் கேட்டால் உள்ளே நாடாவை அழுத்தும் சிறு கம்பளித் துண்டு உதிர்ந்திருக்கும். திருகாணி போட்ட வேறு கூட்டுக்கு நாடாவை மாற்றலாம்.

கணினிக்கு மாற்றும்போது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. இரைச்சல் நீக்கும் மென்பொருளை அந்தக் கோப்பில் ஓட்டாதீர்கள், ஒரு நகலில் ஓட்டுங்கள். அது முதலில் துடைத்தெடுப்பது அந்தத் தும்மலைத்தான்.