நாயோ பூனையோ ஆகாததைத் தின்றுவிட்டால்: உடனே செய்ய வேண்டியவை

கிழிந்த சாக்லேட் உறை தரையில் கிடக்கிறது. நாய் வாலை ஆட்டிக்கொண்டு தெம்பாகத்தான் நிற்கிறது. 'வாந்தி எடுத்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிடாதீர்கள். விஷம் ரத்தத்தில் கலப்பதற்குள் வயிற்றைக் காலி செய்ய மருத்துவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் முதல் இரண்டு மணி நேரம்தான். சாக்லேட்டின் கடுமையான அறிகுறிகள் தெரியவே 6 முதல் 12 மணி நேரம் ஆகலாம்.

முதலில் வாயில் மிச்சம் இருப்பதை எடுத்துவிட்டு, விலங்கை வேறு அறையில் விடுங்கள். சிதறியதைப் பெருக்கித் தள்ளாமல் ஒன்றுசேர்த்து நிறுத்துப் பாருங்கள். உறையில் அச்சிட்ட எடையில் அதைக் கழித்தால் உள்ளே போனது தெரியும். சந்தேகம் என்றால் அதிகபட்ச அளவையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாய்கள் இருந்தால், ஒவ்வொன்றும் முழுவதையும் தின்றதாகவே கணக்கு. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்தால் அதன் எடை கிடைக்கும். எடை, என்ன, எவ்வளவு, எப்போது: இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமினும் காஃபினும்தான் விஷம். ஒரு கிராமில் இவை இரண்டும் சேர்ந்து மில்க் சாக்லேட்டில் சுமார் 2 மில்லிகிராம், டார்க் சாக்லேட்டில் சுமார் 5, கோகோ பவுடரில் சுமார் 28 மில்லிகிராம். நாயின் உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தொட்டால் வாந்தி, பேதி, நிலைகொள்ளாத் தவிப்பு. 40-50க்கு மேல் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60ஐத் தாண்டினால் வலிப்பு வரலாம். 10 கிலோ நாய் 100 கிராம் டார்க் சாக்லேட்டைத் தின்றால் கிலோவுக்கு 50 மில்லிகிராம். இதயத்தைத் தாக்கும் அளவு அது. கோகோ பவுடர் என்றால் வெறும் 20 கிராமே அந்த இடத்துக்குக் கொண்டுபோய்விடும்.

சாக்லேட்டை விடப் பயமுறுத்துவது சைலிட்டால் என்ற செயற்கை இனிப்பூட்டி. சர்க்கரை சேர்க்காத சூயிங்கம், மிட்டாய், சில வேர்க்கடலை வெண்ணெய், பற்பசை ஆகியவற்றில் இருக்கும்; உறையில் E967 என்ற குறியீடாகவும் போட்டிருக்கலாம். நாயின் உடல் இதைச் சர்க்கரை என்றே எடுத்துக்கொண்டு இன்சுலினைக் கொட்டும். கிலோவுக்கு 0.1 கிராம் போதும். அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை சரிந்து தள்ளாடலாம். 0.5 கிராமுக்கு மேல் போனால் கல்லீரலே பழுதாகலாம். வயிற்றில் உள்ள விஷத்தைப் பிடித்துக்கொள்ளக் கொடுக்கும் கரித்தூள் மருந்து இதற்கு அவ்வளவாகப் பலன் தராது, நேராக மருத்துவமனைதான்.

திராட்சைக்கும் உலர்திராட்சைக்கும் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. ஒரு நாய் கைப்பிடி தின்றும் தப்பும், இன்னொன்றுக்குச் சில பழங்களிலேயே சிறுநீரகம் செயலிழக்கும். எனவே எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் விஷம் போகாது. பூனைக்குக் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே ஆபத்து, அதாவது 4 கிலோ பூனைக்கு 20 கிராம். நாய்க்குக் கிலோவுக்கு 15 கிராமிலிருந்து. ரத்தசோகை தெரியச் சில நாட்கள் ஆகலாம் என்பதால், முதல் நாள் நன்றாக இருந்தது என்று நம்பிவிட வேண்டாம். ஈறு வெளுப்பதையும் சிறுநீர் செம்பழுப்பாவதையும் ஒரு வாரம் கவனியுங்கள்.

உப்புத் தண்ணீர் ஊட்டி வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. ரத்தத்தில் சோடியம் ஏறி அதுவே உயிரைக் குடிக்கும். தொண்டைக்குள் விரல் விட்டால் கடிதான் மிஞ்சும். வாந்திக்காகச் சிலர் கொடுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பூனையின் வயிற்றைப் புண்ணாக்கிவிடும். நாய்க்கும் மருத்துவர் அளவு சொன்னால் மட்டும்தான். மயங்கிக் கிடக்கும், தள்ளாடும், வலிப்பு வந்த விலங்கை எந்த வழியிலும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். பாலும் எண்ணெயும் எந்த விஷத்தையும் முறிக்காது.

சைலிட்டால் தின்ற நாய் வழியில் துவண்டால், கொஞ்சம் தேனையோ சர்க்கரைப் பாகையோ ஈறில் தடவுங்கள், வாய்க்குள் ஊற்ற வேண்டாம். வலிப்பு வந்திருந்தால் வாய்ப்பக்கம் கையே போகக் கூடாது. உறையை மறக்காமல் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.