மின்சார ஸ்மோக்கரில் மரத்துண்டைப் பக்குவமாகப் புகையவிடும் முறை

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலக் குழியடுப்புகளில் ஹிக்கரி, ஓக் கட்டைகளைத் தனியிடத்தில் எரியவிட்டு, தழல் அடங்கிக் கங்கானதும் அள்ளி வந்து இறைச்சியின் அடியில் பரப்புவார்கள். அங்கே மரமே எரிபொருள். மின்சார ஸ்மோக்கர் என்பது இறைச்சியைப் புகையூட்டி வேகவைக்கும் மூடிய பெட்டி. அதில் இறைச்சியை வேகவைப்பது மின்சாரத்தால் சூடாகும் கம்பியின் வேலை, மரத்துண்டு மணமூட்டுவதற்கு மட்டுமே உள்ளே போகிறது. ஆகவே அந்தத் துண்டு தழல்விடாமல், நின்று நிதானமாகக் கனன்று புகைய வேண்டும். புகை கசந்துபோவதற்கும், சில வேளைகளில் புகையே வராமல் போவதற்கும், மரத்தை விறகாகக் கருதிக் கையாள்வதே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

மரத்துண்டு சூடேறும்போது உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் ஈரம் ஆவியாகும். அது தீரும்வரை அந்தப் பகுதி மேற்கொண்டு பெரிதாகச் சூடேறாது. 200 டிகிரியைத் தாண்டியதும், மரத்தை ஆக்கும் பொருள்களில் ஹெமிசெல்லுலோஸும், 300 முதல் 400 டிகிரிக்குள் செல்லுலோஸும் சிதைகின்றன. மரநார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் நீண்ட வெப்ப வீச்சில் மெல்ல மெல்லச் சிதைகிறது. இறைச்சியின் மேல் ஏறும் செம்பழுப்பு நிறத்தில் முதல் இரண்டிலிருந்து வரும் கார்போனைல் சேர்மங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. புகைமணம் என்று நாம் உணர்வது பெரும்பாலும் லிக்னினிலிருந்து பிறக்கும் குவையக்கோல், சிரிங்கோல் என்னும் மணச்சேர்மங்களால் வருவது. இந்த ஆவிகள் எளிதில் தீப்பற்றக்கூடியவை. போதிய காற்று கிடைத்தால், இறைச்சியில் படிய வேண்டியவை தழலிலேயே எரிந்து தீர்ந்துவிடும். பெட்டி மூடியிருப்பதால் காற்று குறைவு, அதனாலேயே மரம் புகைகிறது. இடையில் கதவைத் திறந்தால் இந்தச் சமநிலை குலைந்து, கனன்றுகொண்டிருந்த துண்டு சட்டென்று பற்றிக்கொள்ளும்.

ஹிக்கரி, ஓக், ஆப்பிள், செர்ரி போன்ற கடின மரங்களையே தேர்ந்தெடுக்க வேண்டும். பிசின் மிகுந்த பைன், வண்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, மருந்தேற்றிய மரம் ஆகிய எவற்றையும் உள்ளே வைக்கக் கூடாது. ஐந்து சென்டிமீட்டர் அளவுள்ள துண்டுகள் கைக்கு வசதியானவை. ஈரப்பதம் 15 முதல் 20 சதவீதம் இருக்கும்படி நிழலில் உலர்ந்த மரமே நன்றாகப் புகையும்.

துண்டுகளை இரவெல்லாம் நீரில் ஊறவைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. அதை விட்டுவிடுவதே நல்லது. நீர் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டருக்குமேல் உள்ளே இறங்குவதில்லை. இறங்கிய நீரும் வெண்ணிற நீராவியாகக் கிளம்பிப் புகைபோலத் தோற்றம் காட்டுமே தவிர மணம் எதையும் தராது. உண்மையான புகை தாமதமாவது ஒன்றே ஊறவைப்பதன் பலன்.

மூன்று, நான்கு கிலோ எடையுள்ள பன்றித் தோள்கறிக்கு 120 முதல் 170 கிராம் மரம் போதும். கோழிக்கு அதில் பாதி. பெட்டிக்குள் காற்றோட்டம் மெதுவானது, உண்டாகும் புகை வெகுநேரம் உள்ளேயே தங்கும் என்பதால், கரியடுப்பில் போடும் அளவை இங்கே போட்டால் இறைச்சி கசக்கும். துண்டின் அகன்ற பக்கம் மரத்துண்டு வைக்கும் சிறு பெட்டியின் அடித்தகட்டில் முழுவதும் படியும்படி வைக்க வேண்டும். சில ஸ்மோக்கர்களின் தட்டு மரச்சில்லுகளுக்கென்றே அமைந்தது. அவற்றில் முழுத்துண்டு போதிய சூடு ஏறாமல் கிடக்கும் என்பதால், கத்தியால் விரல் பருமனுக்குப் பிளந்து போடலாம். துண்டு அடிக்கடி தீப்பற்றினால், அலுமினியத் தாளில் சுற்றி மேற்பக்கத்தில் மட்டும் இரண்டு மூன்று துளைகள் இட்டால் அடங்கும்.

புகையின் ஓட்டம் முழுவதும், வெப்பநிலைக்கேற்பக் கம்பியை இயக்கி நிறுத்தும் தெர்மோஸ்டாட்டின் கையில் இருக்கிறது. தொடக்கத்தில் பெட்டி குளிர்ந்திருப்பதால் கம்பி இடைவிடாமல் சூடாகி, மரமும் தொடர்ந்து புகையும். பெட்டி 107 டிகிரியை எட்டியபின் கம்பி அணைந்து அணைந்து எரிய, புகையும் விட்டுவிட்டே வரும். எனவே மரத்தை முதலிலேயே வைத்து, இறைச்சியைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் உள்ளே வைக்க வேண்டும். குளிர்ந்த, ஈரமான மேற்பரப்பில்தான் புகை நன்றாகப் படியும். குளிர்ந்த இறைச்சி பெட்டியின் சூட்டை இழுப்பதால் கம்பியும் அதிக நேரம் எரியும். இரண்டு மூன்று மணி நேரத்தில் புகை குறைந்துவிட்டதைக் கண்டு மீண்டும் மரம் போடத் துடிக்க வேண்டியதில்லை, இறைச்சி தனக்கு வேண்டிய புகையில் பெரும்பகுதியை அதற்குள் ஏற்றிருக்கும்.

மேல்துளையை முழுவதும் திறந்தே வைக்க வேண்டும். அதன் வழியே மெல்லிய நீலநிறப் புகை வந்தால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று கொள்ளலாம். அடர்ந்த வெள்ளை அல்லது மஞ்சள் புகை நீடித்து வந்தால் தார் படிகிறது என்று பொருள். துளையை அடைத்தால் எரியக்கூடிய ஆவிகள் உள்ளே தேங்கி, ஒரு கணத்தில் பற்றிக் கதவை உதைத்துத் திறக்கவும் கூடும். கார்பன் மோனாக்சைடு உண்டாவதால், இந்த அடுப்பை வீட்டுக்குள்ளோ கார் நிறுத்தும் அறையிலோ ஒருபோதும் இயக்கக் கூடாது.

இறைச்சியை வெட்டும்போது ஓரத்தில் இளஞ்சிவப்பு வளையம் தெரியவில்லையே என்று வருந்துவோர் உண்டு. தழல் எரியும்போது உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடே அந்த நிறத்துக்கு முக்கியக் காரணம். கனலும் மரத்தில் அது மிகக் குறைவு. வளையத்துக்குச் சுவையோடு தொடர்பில்லை. ஆயினும் அது வேண்டுமென்றால், மரத்துண்டோடு ஒரு சிறு கரிக்கட்டியும் சேர்த்து வைக்கலாம்.

சமைத்து முடித்தபின் எஞ்சியதைப் பார்த்தே அடுத்த முறைக்கான திருத்தத்தைச் செய்யலாம். துண்டு தன் வடிவம் மாறாமல், மேலெங்கும் கட்டம் கட்டமாக வெடித்த கரியாகி, தூக்கினால் தக்கைபோல் கனமின்றி இருந்தால் அது பக்குவமாகப் புகைந்திருக்கிறது. அடிப்பக்கம் மட்டும் கருகி மேற்பக்கம் மரநிறத்திலேயே இருந்தால், துண்டு பெரிது, அல்லது கம்பிக்குத் தொலைவில் இருந்திருக்கிறது. வெறும் வெண்சாம்பல் மிஞ்சியிருந்தால் தழல் எழுந்திருக்கிறது. கதவின் ரப்பர் விளிம்பில் காற்று நுழையும் இடத்தைத் தேட வேண்டும். இந்தச் சோதனையை உடனே செய்ய வேண்டாம். ஆறியதுபோல் தோன்றும் கரி காற்றுப் பட்டதும் மறுபடி கனலும் என்பதால், மின்இணைப்பைத் துண்டித்து, கதவை மூடியபடியே இரவு முழுவதும் விட்டு, காலையில் மூடியுள்ள தகரப் பாத்திரத்தில் கொட்டிக்கொள்ள வேண்டும்.